மால்டனில் பழைய மரவீட்டை வாங்குவதா, ஊரோர மனையில் புதிதாகக் கட்டுவதா?

கேள்வி: செவிலி_பெண்டிகோ

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், பெண்டிகோவில் வாடகை வீட்டில் குடியிருக்கிறோம். நான் மருத்துவமனையில் செவிலியாகப் பணிபுரிகிறேன். என் கணவர் பெரும்பாலும் வீட்டிலிருந்தே வேலை செய்கிறார். அலுவலகம் அழைக்கும் நாள்களில் மட்டும் மெல்பேர்னுக்கு ரயிலேற வேண்டும். பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர். மாமனாரும் மாமியாரும் விரைவில் எங்களுடன் நிரந்தரமாகத் தங்க வருகிறார்கள். ஆகவே ஆறு பேர் வசதியாக வாழக்கூடிய சொந்த வீடு ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் மனம் மால்டன் ஊரில் நிலைத்திருக்கிறது. 1853ஆம் ஆண்டின் இறுதியில் தங்கம் கிடைத்து எழுந்த ஊர் என்பதும், மரபுக் கட்டடங்களைக் காக்கும் அமைப்பான நேஷனல் டிரஸ்ட் 1960களில் ஆஸ்திரேலியாவிலேயே முதன்முதலாகக் குறிப்பிடத்தக்க ஊர் என்று அறிவித்த ஊர் என்பதும் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அங்கே இப்போது எங்கள் கைக்கு எட்டும் விலையில் இரண்டு வாய்ப்புகள் உள்ளன. ஒன்று, ஊர் நடுவே உள்ள பழைய வெதர்போர்டு வீடு, அதாவது வெளிச்சுவர் மரப்பலகையால் ஆன வீடு. முன்பக்கம் நடைவழிக்கு இருபுறமும் இரண்டு அறைகள், பின்னால் சரிவுக் கூரையின் கீழ் சமையலறையும் குளியலறையும், தெருவைப் பார்த்த வராண்டா, தகரக் கூரை, அகலமான பின்வளவு என்று அமைந்திருக்கிறது. மற்றொன்று, ஊருக்கு வெளியே டாரங்கோவர் மலைக் காட்டை ஒட்டிய வெற்று மனை.

பழைய வீடு ஹெரிட்டேஜ் ஓவர்லே எனும் மரபுப் பாதுகாப்பு வலயத்தில் இருப்பதால், ஆணி அடிப்பதற்குக்கூட ஷயரிடம், அதாவது உள்ளூராட்சி மன்றத்திடம், அனுமதி கேட்க வேண்டும் என்று நண்பர்கள் அச்சமூட்டுகிறார்கள். மாமனார், மாமியாருக்குத் தனி அறையும் குளியலறையும் கட்டாயம் வேண்டும். குளிர்காலத்தில் அந்த வீடு எப்படியிருக்கும் என்ற கவலையும் இருக்கிறது. இப்படிப்பட்ட ஊர்களில் வாழ்ந்தவர்களும் கட்டட வேலை அறிந்தவர்களும் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: பழைய_கூரை

வணக்கம் தங்கையே. காசில்மெயின் பக்கத்தில் இதே வகையான வீட்டில் வெகுகாலமாகக் குடியிருப்பவள் என்ற முறையில் எழுதுகிறேன். நண்பர்கள் சொன்ன ஆணிக் கதையை முதலில் ஒதுக்கி வையுங்கள். ஹெரிட்டேஜ் ஓவர்லே என்பது, மிகப் பெரும்பாலான வீடுகளைப் பொறுத்தவரை, வீட்டின் வெளித்தோற்றத்தைப் பற்றிய விதி மட்டுமே. இடிப்பது, புதிதாகக் கட்டிச் சேர்ப்பது, வெளிச்சுவரையோ சன்னலையோ மாற்றுவது, தெருவிலிருந்து தெரியும்படி வேலி அமைப்பது ஆகியவற்றுக்குத் திட்டமிடல் அனுமதி வேண்டும். பழுதடைந்த பலகையைக் கழற்றிவிட்டு அதே மரத்தில், அதே அளவில், அதே வடிவில் புதுப் பலகை பொருத்தினால் அது பராமரிப்பாகவே கருதப்படும், அனுமதி வேண்டியதில்லை. அதுவரை சாயம் பூசப்படாத செங்கல்லுக்கோ கல்லுக்கோ சாயம் பூசுவதற்கு எப்போதும் அனுமதி வேண்டும். ஏற்கெனவே சாயம் பூசிய பலகைக்கு மறுபூச்சு அடிக்க, உங்கள் ஓவர்லேயின் அட்டவணையில் சாயக் கட்டுப்பாடு உண்டு என்று குறிக்கப்பட்டிருந்தால் மட்டுமே வேண்டும். உள்ளே கட்டுப்பாடு உண்டா, மரங்களுக்கு உண்டா என்பவையும் அதே அட்டவணையில்தான் இருக்கும். முகவரியைக் கொடுத்து மாநில அரசின் விக்பிளான் தளத்தில் கட்டணமில்லாமல் பார்த்துவிடலாம். விற்பவரின் முகவர் சொல்வதைக் கேட்டு எதையும் முடிவு செய்யாதீர்கள்.

இன்னொன்றையும் பிரித்துப் பாருங்கள். ஷயரின் ஓவர்லேயில் இருப்பது வேறு. 2017ஆம் ஆண்டின் ஹெரிட்டேஜ் சட்டத்தின் கீழ் மாநிலப் பதிவேட்டில் தனித்து ஏறியிருப்பது வேறு. பதிவேட்டில் ஏறிய கட்டடமானால் ஹெரிட்டேஜ் விக்டோரியாவிடம் போக வேண்டும். அங்கே விதிகள் இன்னும் கடுமை. நீங்கள் விவரிக்கும் சுரங்கத் தொழிலாளர் வீடு போன்றவை பெரும்பாலும் முதல் வகையைச் சேர்ந்தவைதான்.

என் கருத்தில் ஓவர்லே உங்கள் எதிரி அன்று. உண்மையில் அஞ்ச வேண்டியது தரைக்குக் கீழே இருக்கிறது. இந்த வீடுகள் அடித்தளம் இல்லாமல் மரத் தூண்களின் மேல் நிற்கின்றன. இங்கே எல்லோரும் ஸ்டம்ப் என்றுதான் சொல்வோம். ரெட்கம் மரம் நீண்ட காலம் தாங்கும் என்றாலும், ஈரம் தேங்கும் மூலையில் மண்மட்டத்தில் உளுத்துவிடும். வீட்டைப் பார்க்கப் போகும்போது ஒரு கோலிக்குண்டைக் கையோடு எடுத்துச் சென்று ஒவ்வோர் அறையின் நடுவிலும் வைத்துப் பாருங்கள்; உருண்டு ஓடினால் அந்தப் பக்கம் தரை இறங்கியிருக்கிறது. கதவுகளின் மேல் விளிம்பையும் கவனியுங்கள். நிலை கோணியபோது கதவு அடைபடுவதற்காக மேல் விளிம்பைச் சாய்வாகச் சீவியிருந்தால், அந்த வீடு எந்தப் பக்கம் இறங்கியது என்பது அதிலேயே எழுதியிருக்கும். வெளிக்குழாய் இருக்கும் இடத்தில் சுவரின் கீழ்ப் பலகையை ஸ்க்ரூடிரைவரின் நுனியால் மெல்ல அழுத்துங்கள். உள்ளே போனால் பின்னால் உள்ள கட்டையும் போயிருக்கும் என்று கொள்ளலாம். ஸ்டம்புகளை மாற்றும் வேலை செலவு பிடிக்கும், ஆனால் செய்து முடித்தால் ஒரு தலைமுறைக்குக் கவலையில்லை. அதைச் சமையலறை வேலைக்கும் சுவர்ப்பூச்சுக்கும் முன்பே செய்ய வேண்டும். வீட்டைத் தூக்கி நிறுத்தும்போது பூச்சு விரிசல் விடும்.

குளிரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உறைபனி விழும் காலையில், ஒன்றும் செய்யாத வெதர்போர்டு வீட்டுக்குள் மூச்சுவிட்டால் ஆவி தெரியும், அது உண்மை. ஆனால் உட்புறம் உங்களுடையது. கூரைக்கு அடியிலும் தரைக்கு அடியிலும் காப்புப்பொருள் இட்டு, பயன்படாத புகைபோக்கியை அடைத்து, பழைய சன்னலை அப்படியே வைத்து அதன் உள்பக்கம் இரண்டாம் கண்ணாடியைப் பொருத்தினால், தெருவிலிருந்து பார்ப்பவருக்கு எந்த மாற்றமும் தெரியாது. வீடு வெதுவெதுப்பாக இருக்கும்.

பதில்: எப்சம்வாசி

மன்னிக்கவும், எல்லோரும் பழைய வீட்டின் பக்கமே பேசிவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். நாங்களும் அந்தப் பகுதியில் பழைய வீடுகளைப் பார்த்துவிட்டுத்தான் பெண்டிகோவின் விளிம்பில் புது வீடு கட்டினோம். விக்டோரியாவில் 2024 மே 1 முதல் புது வீடுகளுக்கு ஏழு நட்சத்திர ஆற்றல் தரம் கட்டாயம் என்பதால், வெப்பக் காப்பும் இரட்டைக் கண்ணாடியும் பெரும்பாலும் வீட்டோடு வந்துவிடுகின்றன. பள்ளி, கடை, வேலை எல்லாம் பக்கத்தில். மால்டனில் தொடக்கப்பள்ளி உண்டு. ஆனால் உயர்நிலைப் பள்ளிக்குப் பிள்ளைகள் காசில்மெயினுக்கோ பெண்டிகோவுக்கோ போய்வர வேண்டும். ஊர் நிலையத்தில் நிற்கும் ரயில் சுற்றுலாவுக்கான நீராவி ரயில். உங்கள் கணவர் மெல்பேர்ன் ரயிலைப் பிடிக்கக் காசில்மெயின் வரை காரில்தான் போக வேண்டும். இரவுப் பணி முடித்துவிட்டு, கங்காரு குறுக்கே பாயும் சாலையில் விடியலுக்கு முன் நாற்பது கிலோமீட்டர் காரோட்டுவது செவிலியான உங்களுக்கு வாரந்தோறும் வரும் வேலை. வீட்டின் அழகில் இது மறந்துபோகிறது.

காட்டோர மனையைப் பற்றி ஒரே வார்த்தைதான்: வேண்டாம்.

பதில்: வரைபலகை

வணக்கம். நான் பல்லாரட்டில் கட்டட வரைவு வேலை செய்கிறேன். கோல்ட்ஃபீல்ட்ஸ் எனும் தங்கவயல் பகுதி ஊர்களின் பழைய வீடுகளுக்குப் பின்கட்டு வரைவதுதான் என் வேலையில் பெரும்பகுதி. முன்னவர் ஒரே வார்த்தையில் முடித்ததற்கு நான் காரணம் தருகிறேன்.

காட்டை ஒட்டிய அந்த மனை அநேகமாகப் புஷ்ஃபயர் மேனேஜ்மென்ட் ஓவர்லே என்ற காட்டுத்தீக் கட்டுப்பாட்டு வலயத்துக்குள் இருக்கும். 2009 பெப்ரவரி 7ஆம் திகதி கறுப்புச் சனிக்கிழமைத் தீயில் விக்டோரியாவில் 173 பேர் இறந்தனர். அன்று பெண்டிகோவின் மேற்குப் பகுதியிலும் வீடுகள் எரிந்தன. அதன் பிறகு காட்டுத்தீப் பகுதிக் கட்டட விதிகள் பெரிதும் இறுகின. ஒவ்வொரு மனைக்கும் பி.ஏ.எல். என்ற தீத்தாக்க அளவு கணிக்கப்படும். அது 12.5இல் தொடங்கி 19, 29, 40 என்று ஏறித் தீச்சுவாலை நேரே தொடும் நிலைவரை போகும். தீ வரக்கூடிய பகுதி என்று வகுக்கப்பட்ட இடத்தில் குறைந்த அளவே 12.5தான், காட்டுக்கு அருகே, அதுவும் சரிவான நிலத்தில், 29க்கோ 40க்கோ எளிதில் ஏறிவிடும். ஏற ஏறச் சன்னல், கதவு, தளம், கூரை இடுக்கு எல்லாவற்றின் விலையும் ஏறும். வீட்டைச் சுற்றிச் செடிகொடிகளை அடக்கி வைத்த காப்புவெளி வேண்டும். 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையாயின் தீயணைப்புக்கென்று மட்டும் 10,000 லீட்டர் நீரைத் தொட்டியில் எப்போதும் வைத்திருக்க வேண்டும். காப்புவெளி மனையின் எல்லைக்குள் அடங்காவிட்டால் அனுமதி கிடைப்பதே கடினம். வெற்று மனையின் மலிவு இப்படித்தான் கரைந்துபோகும். பழைய வீட்டுக்கும் தீ அபாயம் இல்லை என்று சொல்லவில்லை. தீப்பொறி நுழையாதபடி காற்றுத் துவாரங்களுக்கு 2 மில்லிமீட்டருக்கு மேற்படாத கண்ணுள்ள உலோக வலை போடுங்கள். அபாய அறிவிப்பு மிக உச்ச நிலைக்கு வரும் என்றால் முதியவர்களை அதற்கு முந்தின நாளே ஊரைவிட்டு அழைத்துச் செல்லும் ஏற்பாடும் வேண்டும்.

இனி உங்கள் ஆறு பேருக்கான இடம். இதுவே என் துறை என்பதால் சற்று நீட்டி எழுதுகிறேன். இந்த வீடுகளில் உண்மையில் பழையது முன்னிரண்டு அறைகளும் நடைவழியும் கூரையின் முகடும் வராண்டாவும்தான். பின்னால் உள்ள சரிவுக் கூரைப் பகுதி பெரும்பாலும் காலத்துக்குக் காலம் ஒட்டவைத்தது. 1950களிலும் 60களிலும் ஃபைப்ரோ என்ற சிமென்ட் நார்த் தகட்டில் கட்டியதாக இருந்தால் அதில் அஸ்பெஸ்டஸ் இருக்கும் என்றே கொள்ளுங்கள். அந்த ஒட்டுப்பகுதியை நீக்கிவிட்டு, பழைய வீட்டிலிருந்து கண்ணாடிச் சுவர் கொண்ட குறுகிய இணைப்பு ஒன்றை விட்டு, அதன் பின்னால் சமையலறை, கூடம், பெற்றோருக்கான அறை, படியில்லாத குளியலறை ஆகியவற்றைப் புதுக் கட்டடமாக எழுப்புவதுதான் நான் வழக்கமாகப் பரிந்துரைப்பது. புதுக் கூரை பழைய முகட்டைவிடத் தாழ்ந்திருந்து, தெருவிலிருந்து கண்ணுக்குப் படாமல் இருந்தால் ஷயரின் ஹெரிட்டேஜ் ஆலோசகர் பெரும்பாலும் மறுப்பதில்லை. பல ஷயர்களில் விண்ணப்பிக்கும் முன்பே அவரைக் கட்டணமின்றிச் சந்திக்கலாம். கைக்கிறுக்கலோடு போங்கள், முழு வரைபடத்தோடு போகாதீர்கள்.

பலரும் நினைப்பதற்கு மாறாக, புதுப்பகுதியைப் பழையது போல வேடமிட வேண்டியதில்லை. 1979இல் தென் ஆஸ்திரேலியாவின் பர்ரா என்ற செப்புச் சுரங்க ஊரில் ஏற்றுக்கொள்ளப்பட்ட பர்ரா சாசனம்தான் இந்த நாட்டில் மரபுக் கட்டட வேலைக்கு அடிப்படை. புதிய வேலை புதியது என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும், அதேவேளை பழையதன் மதிப்பைக் குலைக்கக் கூடாது என்பது அதன் நிலைப்பாடு. போலிச் சரிகை வேலைப்பாடும், இறக்குமதி செய்த விக்டோரியா காலத்துக் கைப்பிடிகளும் ஒட்டிய புதுப் பின்கட்டுகளைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

திசையையும் வடிவாகப் பாருங்கள். இங்கே சூரியன் வடக்கில் நின்று காய்கிறது. உங்கள் வீட்டின் பின்புறம் வடக்காக இருந்தால் அதிர்ஷ்டம்: குளிர்கால வெயில் புதுக் கூடத்துக்குள் வரும், சோலார் தகடுகளும் தெருவுக்குத் தெரியாத பக்கம் அமையும். தெருவிலிருந்து தெரியாத சோலாருக்கு ஓவர்லேயின் கீழ் அனுமதி தேவையில்லை. முன்புறம் வடக்கானால் அனுமதி கேட்க வேண்டியிருக்கும். பின்கட்டையும் வேறு விதமாகத் திருப்ப வேண்டும். நீங்கள் இரண்டு வீடுகளுக்கு இடையில் தடுமாறினால், நான் இந்த ஒன்றை வைத்தே முடிவு சொல்வேன்.

பின்வளவில் 60 சதுர மீட்டருக்குள் தனிச் சிறுவீடு கட்டுவதற்கு 2023 இறுதியில் மாநில அரசு விதிகளைத் தளர்த்தியது உண்மையே. ஆனால் ஓவர்லே உள்ள மனையில் அந்தத் தளர்வு முழுமையாகக் கிடைக்கும் என்று எண்ணி இறங்காதீர்கள். ஷயரிடம் எழுத்தில் கேளுங்கள். திட்டமிடல் அனுமதி தேவையில்லை என்று பதில் வந்தாலும் கட்டட அனுமதி தனியே வேண்டும். இரண்டையும் ஒன்றென்று எண்ணுபவர்கள் அதிகம்.

பதில்: செவிலி_பெண்டிகோ

மூவருக்கும் மிக்க நன்றி. காட்டோர மனையை விட்டுவிட்டோம். வீட்டின் பின்வளவு வடக்கே பார்த்திருக்கிறது என்பதை வரைபடத்தில் பார்த்து உறுதி செய்துகொண்டேன். எப்சம்வாசி அண்ணா சொன்ன இரவுப் பயணத்தைப் பற்றிக் கணவருடன் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். அதற்கு எளிய விடை இல்லை.

இன்னும் ஒரு கேள்வி. மாமனார் ஊரில் தோட்டம் போட்டுப் பழகியவர். பின்வளவில் காய்கறியும் கோழியும் வளர்க்கலாம் என்று இப்போதே திட்டமிடுகிறார். தங்கச் சுரங்க ஊரின் மண்ணில் அதற்குத் தடை ஏதும் உண்டா?

பதில்: பழைய_கூரை

நல்ல வேளையாகக் கேட்டீர்கள். இந்தப் பகுதியில் தங்கம் ஆர்சனிக் கலந்த கனிமத்தோடு சேர்ந்தே பாறையில் கிடக்கிறது. பாறையை இடித்து, வறுத்து, தங்கத்தை எடுத்த பிறகு எஞ்சிய மணலில் அந்த ஆர்சனிக் தங்கிவிட்டது. அந்த மணலைப் பிற்காலத்தில் பள்ளம் நிரப்பவும் பாதை போடவும் பலர் அள்ளிச் சென்றார்கள். ஆகவே சுரங்கம் எங்கே இருந்தது என்று பார்த்தால் மட்டும் போதாது. மணல் எங்கே போனது என்பது யாருக்கும் தெரியாது. இதோடு வீட்டைச் சுற்றி ஈயமும் இருக்கும். 1970க்கு முன் பூசிய சாயங்களில் ஈயம் இருந்திருக்க மிகுந்த வாய்ப்பு உண்டு. யாராவது பலகையைச் சுரண்டி மறுசாயம் பூசிய ஒவ்வொரு முறையும் அந்தத் தூள் சுவரோர மண்ணில்தான் விழுந்திருக்கும். கோழி அந்த மண்ணைக் கிளறித் தின்றால் ஈயம் முட்டைக்கு வந்துவிடும்.

வாங்கும் முன்பே மண்ணைச் சோதித்துவிடுங்கள். மக்குவாரி பல்கலைக்கழகம் வீட்டுத்தோட்ட மண்ணில் ஈயம், ஆர்சனிக் போன்றவற்றைச் சோதிக்க வெஜ்சேஃப் என்ற திட்டத்தை நடத்திவந்திருக்கிறது. தனியார் ஆய்வகங்களும் உண்டு. முன்வளவு, பின்வளவு, சுவரோரம் என்று தனித்தனியாக மாதிரி எடுங்கள். அளவு மிகுந்திருந்தாலும் தோட்டத்தைக் கைவிட வேண்டியதில்லை. வெளியிலிருந்து வாங்கிய மண் நிரப்பிய உயர்பாத்திகளில் கீரையும் தக்காளியும் நன்றாக வரும்; கோழிகளையும் அப்படி நிரப்பிய தளத்தில் அடைத்து வளர்க்கலாம். முருங்கையும் கறிவேப்பிலையும் உறைபனியைத் தாங்கமாட்டா என்பதை மாமனாரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். கறிவேப்பிலை தொட்டியில் வைத்து, குளிர்காலத்தில் உள்ளே எடுத்தால் பிழைக்கும்.

கூரை நீரைத் தொட்டியில் பிடித்துக் குடிக்கும் எண்ணமிருந்தால், முதலில் ஏணி வைத்துக் கூரையைப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய தகரக் கூரைகளில் ஈயத்தலை ஆணிகளும், புகைபோக்கியைச் சுற்றி ஈயத் தகடும் இருக்கும். தோட்டத்துக்கு அந்த நீர் போதும், குடிக்க வேண்டாம். கூரையை மாற்ற நேர்ந்தால் பழையபடியே துத்தநாகம் பூசிய தகரம் போடச் சொல்லித்தான் பெரும்பாலும் கேட்பார்கள். விலை கருதிக் கூரைக்கு மட்டும் ஜிங்கலூம் (அலுமினியமும் துத்தநாகமும் கலந்து பூசிய தகடு) போட்டு, கூரையோரம் நீர் வழியும் பழைய துத்தநாகத் தகரப் பீலியை அப்படியே விட்டால், அந்தக் கூரையிலிருந்து வழியும் நீர் பீலியை விரைவில் அரித்துவிடும்.

பதில்: வரைபலகை

ஒப்பந்தத்துக்கு முன் இன்னும் சில. தொடக்க காலச் சுரங்கத் தொழிலாளர்கள் 1855இல் வந்த மைனர்ஸ் ரைட் உரிமத்தின் கீழ், தாம் தோண்டும் இடத்துக்கு அருகிலேயே குடிசை போட்டுக்கொண்டார்கள்; முறையான நில அளவை பல இடங்களில் பிறகுதான் வந்தது. அதனால் இந்த ஊர்களில் வேலி நிற்கும் இடமும் பத்திரத்தின் எல்லையும் ஒத்துப்போகாத மனைகள் உண்டு. பின்கட்டு எழுப்ப நினைக்கிறீர்கள் என்றால் உரிமம் பெற்ற அளவையாளரைக் கொண்டு எல்லையைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய சுரங்கக் குழிகள் அருகில் உண்டா என்பதை மாநில அரசின் ஜியோவிக் வரைபடத்தில் ஓரளவு பார்க்கலாம். எல்லாக் குழியும் அதில் பதிவாகவில்லை என்பதால் பின்வளவில் காரணமின்றித் தாழ்ந்து கிடக்கும் இடத்தைக் கண்டால் கட்டாயம் கேளுங்கள்.

வீட்டின் உரிமை, கட்டுப்பாடுகள் ஆகியவற்றை வெளிப்படுத்தி விற்பவர் தரும் செக்‌ஷன் 32 ஆவணத்தைக் கையெழுத்திடும் முன்பே சட்டத்தரணியிடம் காட்டுங்கள். முன்னைய உரிமையாளர் அனுமதியின்றிச் சன்னலை மாற்றியிருந்தால் அந்தச் சிக்கல் வீட்டோடு உங்களுக்கு வந்து சேரும். தனிப்பட்ட விற்பனையில் மூன்று வேலை நாள்கள் மனம் மாறிப் பின்வாங்கும் உரிமை உண்டு. ஏலத்தில் எடுத்தால் அந்த உரிமை கிடையாது. காப்புறுதியையும் அதற்கு முன்னமே கேட்டு வையுங்கள். ஓவர்லே வீடு எரிந்தால் அதை மறுபடி எழுப்பும் செலவு சாதாரண வீட்டுக் கணக்கில் அடங்காது. ஓவர்லே இருப்பதைச் சொல்லியே தொகையைக் கணிக்கச் சொல்லுங்கள்.

பதில்: செவிலி_பெண்டிகோ

குறித்துக்கொண்டேன். வீடு ஏலத்துக்கு அன்று, தனிப்பட்ட விற்பனைக்குத்தான் வந்திருக்கிறது. கட்டடச் சோதனைக்கு ஆள் பேசும்போது கறையான் சோதனையையும் அவரே செய்வாரா, தனியே ஒருவரை அழைக்க வேண்டுமா?

பதில்: பழைய_கூரை

இரண்டையும் சேர்த்துச் செய்பவர்கள் உண்டு. ஆனால் தரைக்கு அடியில் ஊர்ந்து சென்று பார்ப்பாரா என்பதைக் கேட்டு, அதை எழுத்தில் பெற்றுக்கொண்டு அமர்த்துங்கள். நுழைய வழியில்லை என்று அறிக்கையில் ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடுபவர்கள் உண்டு. நுழைவாயில் இல்லாவிட்டால், அறையின் தரைப்பலகை ஒன்றைக் கழற்றிப் பார்க்க விற்பவரின் அனுமதியை முகவர் மூலம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். மறுத்தால் விலையைப் பேசும்போது ஸ்டம்ப் முழுவதையும் மாற்றும் செலவைக் கழித்தே பேசுங்கள்.